வெட்ஜி பார்க்க 8×42 பைனாகுலர்: ஒரு டிரக் டிரைவரின் ரிவ்யூ

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலிருந்து புரோக்கன் ஹில் வழியாக டப்போ வரை பி-டபுள் டிரக், அதாவது இரண்டு டிரெய்லர் கோத்த வண்டி, ஓட்டுவது என் வேலை. பேரியர் நெடுஞ்சாலையில் யுன்டா தாண்டிவிட்டால் ஊர் என்று சொல்ல அதிகம் கிடையாது. நீலப்புதர், சிவப்பு மண், செம்மறியாட்டு வேலி, செத்த கங்காரு. அப்புறம் கழுகு. ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய கழுகான ஆப்புவால் கழுகைப் பார்க்க இந்தச் சாலையைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. இங்கே எல்லாரும் அதை வெட்ஜி என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

இந்த ரிவ்யூ, அந்தக் கழுகைப் பார்ப்பதற்கென்றே நான் வாங்கிக் கேபினில் வைத்திருக்கும் பைனாகுலரைப் பற்றியது. கம்பெனி பெயரைப் போடவில்லை. 600 டாலரிலிருந்து 800 டாலருக்குள் நான்கைந்து கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி சாமானைத்தான் விற்கின்றன. வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அளவுகளைத்தான். என்னுடையது 8×42, அதாவது எட்டு மடங்கு பெருக்கம், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர். இ.டி. கண்ணாடி (ஓரத்தில் நிறக்கோடு விழுவதைக் குறைக்கும் லென்ஸ்), ரூஃப் பிரிசம் (குழல்கள் நேராக இருக்கும் அமைப்பு), தண்ணீர் புகாது, எடை 700 கிராமுக்குச் சற்றுக் குறைவு. விலை 680 டாலர்.

முதலில் பெருக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். "கழுகு பார்க்கவா? அப்படியென்றால் 10×42 எடுங்கள்" என்றுதான் கடையில் சொன்னார்கள். தூரத்துப் பறவைக்கு அதிகப் பெருக்கம் என்ற கணக்கு கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்ஜிக்கு அது பொருந்தாது. இறக்கையை விரித்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும் பறவை இது. பெண் கழுகு ஆணைவிடப் பெரியது, நன்றாக வளர்ந்தால் ஐந்து கிலோவையும் தாண்டும். இவ்வளவு பெரிய பறவை மரமே இல்லாத வெட்டவெளியில் இருக்கும்போது, அதைப் பார்க்கப் பெருக்கம் ஒரு தடையே இல்லை. தடை என்றால் கானல்தான். காலை பத்து மணிக்கு மேல் அந்தச் சிவப்பு மண் சூடேறிவிட்டால் தரையை ஒட்டிய காற்று முழுக்க அலையடிக்கும். எட்டு மடங்கில் கழுகு லேசாக நெளியும். பத்து மடங்கில் கழுகோடு சேர்ந்து நெளிவும் பெரிதாகும், கூடுதல் விவரம் எதுவும் கிடைக்காது.

இதே சாலையில் ஓட்டும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் 10×42 வைத்திருக்கிறார். புரோக்கன் ஹில்லில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓய்வில் இருக்கும்போது மாற்றி மாற்றிப் பார்ப்போம். விடியற்காலையில், குளிரில், காற்று அசையாமல் இருக்கும்போது அவருடையது என்னுடையதைவிட நன்றாகவே காட்டும். "இதுக்குள்ளால பாரடா தம்பி, கண் சிமிட்டுறதும் தெரியுது" என்பார். உண்மைதான், தெரியும். ஆனால் அதே கண்ணாடியில் பறக்கும் கழுகைப் பிடிப்பது வேறு கதை. ஆயிரம் மீட்டர் தூரத்தில் என்னுடையதில் 140 மீட்டர் அகலம் தெரியும். பத்து மடங்குக் கண்ணாடிகளில் அது 110 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். மேகமே இல்லாத வானத்தில், ஒரு மரமோ மலையோ அடையாளத்துக்கு இல்லாமல், ஒரு புள்ளியைத் தேடிப் பிடிக்கும்போது அந்த முப்பது மீட்டரின் மதிப்பு தெரியும்.

கை நடுக்கமும் இருக்கிறது. ஐந்து மணி நேரம் ஸ்டியரிங் பிடித்த கை உடனே அசையாமல் நிற்காது. எங்கள் சட்டப்படி ஐந்தரை மணி நேரத்துக்குள் கால் மணி நேரமாவது கட்டாய ஓய்வு எடுத்து, வொர்க் டைரியில் எழுத வேண்டும். என் கழுகு பார்க்கும் நேரம் பெரும்பாலும் அந்தக் கால் மணிதான். டீ குடிக்கும் நேரமும் அதுதான் என்பதால் கண்ணாடி உடனே கண்ணில் பொருந்த வேண்டும். இதில் அந்தக் குறை இல்லை. நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன். கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே 17 மில்லிமீட்டர் விடுவதால் கண்ணாடியைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறது. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் வாங்கும்போது இந்த ஒரு எண்ணைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். 15க்குக் கீழே என்றால் ஓரங்கள் இருட்டடிக்கும்.

என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு கேபினுக்குள்ளிருந்து பார்க்காதீர்கள். அதிர்வில் எந்தக் கண்ணாடியும் உதவாது. விண்ட்ஷீல்ட் வழியாகவும் பார்க்க வேண்டாம், அந்தச் சாய்ந்த கண்ணாடி எல்லாவற்றையும் மசமசப்பாக்கிவிடும். என்ஜினை அணைத்து, பக்கத்து ஜன்னலை இறக்கி, கதவு விளிம்பில் மடித்த துண்டைப் போட்டு அதன்மேல் கையை ஊன்றினால் போதும். கீழே இறங்கி நடந்தால்தான் வெட்ஜி எழுந்து போகும். நின்றுகொண்டிருக்கும் வண்டியை அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

இ.டி. கண்ணாடிக்கு ஏன் கூடுதல் காசு என்று கேட்பவர்களுக்கு வெட்ஜிதான் பதில். விலை குறைந்த பைனாகுலரில் வெளிச்சமான வானத்துக்கு எதிரே ஒரு கறுப்புப் பறவையைப் பார்த்தால் அதன் ஓரம் முழுக்க ஊதாவும் பச்சையும் கோடு கட்டும். வயதான வெட்ஜி கிட்டத்தட்டக் கறுப்பு. அதற்குப் பின்னால் இருப்பது எப்போதும் வெள்ளை வெயில் வானம். இதைவிடக் கடுமையான பரீட்சையை ஒரு லென்ஸுக்கு வைக்க முடியாது. என்னுடையதில் நடுவில் நிற்கும் பறவைக்கு நிறக்கோடு அறவே இல்லை, ஓரத்துக்குப் போனால் லேசாக ஊதா தெரியும். 200 டாலர் கண்ணாடியில் பார்த்தபோது கழுகின் நிறத்தையே சரியாகச் சொல்ல முடியவில்லை.

அந்த நிறம் முக்கியம். நிறத்தை வைத்துத்தான் வயதைச் சொல்ல வேண்டும். கூட்டை விட்டு வந்த இளம் கழுகு செம்பழுப்பாக இருக்கும், பிடரியும் இறக்கையின் மேற்புறமும் பொன்னிறம். வருடத்துக்கு வருடம் கறுத்துக்கொண்டே வந்து பத்து வயதை ஒட்டி முழுக் கறுப்புக்கு வரும். அப்போதும் பிடரியில் மட்டும் கொஞ்சம் செம்மை மிஞ்சியிருக்கும். இதே சாலையில் ஓலரி என்ற ஊருக்கு அருகே ஒரு குளிர்காலக் காலையில் வேலியின் மூலைக் கம்பத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. வெயில் ஏறாததால் மேலே தூக்கிவிடும் வெப்பக்காற்று இன்னும் கிளம்பவில்லை, அதனால் அதற்கும் அவசரமில்லை. முதுகுப் பக்கமிருந்து காற்று அடிக்க, பிடரி இறகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து படிந்தன. ஒவ்வொரு இறகின் நுனியும் வெல்லப்பாகு நிறத்தில் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு காலை மடக்கி வயிற்று இறகுக்குள் செருகியிருந்தது. மற்றக் காலில் இறகு விரல்கள் தொடங்கும் இடம் வரைக்கும் மூடியிருந்தது, விரல்கள் மட்டும் மஞ்சள். அலகின் அடிப்பகுதி வெளிறிய சாம்பல், நுனி கறுப்பு. அது தலையைத் திருப்பி என் வண்டியை நேராகப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் கண்ணில் கூர்மையாகப் பார்க்கும் குழி ஒன்றுதான், கழுகின் கண்ணில் இரண்டு. நான் 680 டாலர் கொடுத்து வாங்கியதைவிட நல்ல கருவி அதனிடம் பிறவியிலேயே இருக்கிறது.

வெயில் ஏறியதும் வேறு வேலை. கழுகு இறக்கையை இரண்டு மூன்று முறை அடித்து எழுந்து, வெப்பக்காற்றில் ஏறி, இறக்கையை அசைக்காமல் வட்டமடித்து ஆயிரம் மீட்டருக்கு மேல் போய்விடும். அந்த உயரத்தில் வெறும் கண்ணுக்கு எல்லாப் பருந்தும் ஒன்றுதான். பைனாகுலரில் பார்த்தால் இறக்கைகள் இரண்டும் மேல்நோக்கி ஆழமான 'வி' வடிவில் தூக்கியிருக்கும், நுனி இறகுகள் விரல்களாகப் பிரிந்து நிற்கும், வால் நீண்டு நடுவில் கூர்ந்து இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் வேறு பறவை என்று சந்தேகமே வராது. இந்தச் சாலையில் அதிகம் தென்படும் விசில் பருந்துக்கும் கரும்பருந்துக்கும் வால் அமைப்பே வேறு. ஒரு எச்சரிக்கை: வட்டமடிக்கும் கழுகைத் தொடர்ந்து கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது சூரியனுக்கு நேரே போகும். அதற்கு முன்பே கண்ணாடியை இறக்கிவிட வேண்டும். ஒரு நொடி பார்த்தாலும் கண் போய்விடும். குழந்தைகள் கையில் கொடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

கழுகுக்கு மூக்கில் வேர்த்தாற்போல என்று நம் ஊரில் சொல்வார்கள். இந்தச் சாலையில் அதை அப்படியே பார்க்கலாம், மோப்பம் மட்டும்தான் இல்லை. இரவில் வண்டியில் அடிபட்ட கங்காருவை விடிந்ததும் முதலில் காக்கைகள் கண்டுபிடிக்கும். காக்கைகள் கூடுவதை மேலிருந்து வெட்ஜி பார்க்கும். ஒன்று இறங்கினால் அதைப் பார்த்து இன்னொன்று. ஒரு பெரிய உடலைச் சுற்றி பத்துக்கு மேலும் கூடும். ஆனால் ஒரே நேரத்தில் தின்பது இரண்டு மூன்றுதான். பெரியது தின்று முடிக்கும்வரை மற்றவை இரண்டடி தள்ளிக் காத்து நிற்கும், நெருங்கி வந்தால் பெரியது இறக்கையை விரித்து விரட்டும். இந்த வரிசை மரியாதையைப் பார்க்க எட்டு மடங்குக் கண்ணாடியின் அகலம்தான் வசதி, முழுக் கூட்டமும் ஒரே பார்வையில் அடங்கும்.

இதைப் படிக்கும் டிரைவர்களுக்கு, டிரக்கோ காரோ, இந்த ஒரு விஷயம். வயிறு நிறையத் தின்ற வெட்ஜியால் சட்டென்று எழ முடியாது. தரையில் நாலைந்து அடி தத்தி ஓடி, காற்றுக்கு எதிரே திரும்பித்தான் எழும். எதிர்க்காற்று உங்கள் பக்கமிருந்து வந்தால் உங்கள் வண்டியை நோக்கியேதான் எழும். ஹார்ன் அடித்தால் போய்விடும் என்று நம்பி நூறில் வராதீர்கள். காக்கைக்கு அது சரி, வெட்ஜிக்குச் சரிவராது. தூரத்தில் சாலையில் கறுப்பாக ஏதாவது தெரிந்தாலே வேகத்தைக் குறைக்கத் தொடங்குங்கள். நான் பார்த்தால் டிரைவர்கள் பேசிக்கொள்ளும் ரேடியோவில், சேனல் 40இல், பின்னால் வருகிறவர்களுக்கு, எந்த இடம், சாலையின் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலானவர்கள் நன்றி சொல்லி வேகத்தைக் குறைக்கிறார்கள். ஐந்து கிலோ பறவை விண்ட்ஷீல்டில் மோதினால் சேதம் அதற்கு மட்டுமில்லை.

பைனாகுலர் வாங்கியதில் எனக்கு மிகவும் பிடித்தது கூடு பார்ப்பதுதான். இடத்தைச் சொல்ல மாட்டேன். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பார்க்கிங் பே, அதிலிருந்து வறண்ட ஓடை ஒன்றுக்கு அப்பால், வெகு தூரத்தில் ஒரு யூகலிப்டஸ் மரம். அதன் கிளைப்பிரிவில் குச்சிக் குவியல். வெட்ஜி ஜோடி ஆண்டுக்கு ஆண்டு பழைய கூட்டின் மேலேயே குச்சி அடுக்கும், அதனால் பழைய கூடுகள் ஒரு ஆள் உயரத்தையும் தாண்டி வளரும். உள்ளே பச்சை இலைகளைப் பரப்பும். குளிர்காலத்தில், பொதுவாக ஜூலையை ஒட்டி முட்டை, பெரும்பாலும் இரண்டு. ஆறு வாரத்துக்கு மேல் அடைகாப்பு. இரண்டு குஞ்சு பொரித்தாலும் மூத்ததன் கொத்துக்கும் பசிக்கும் தப்பி இளையது பிழைப்பது அபூர்வம். கடும் வறட்சியில் ஜோடிகள் முட்டையே இடாமல் அந்த ஆண்டைக் கடத்திவிடுவதும் உண்டு.

இவ்வளவு பெரிய பறவை கூட்டில் இருக்கும்போது மிகவும் பயந்த பறவை. ஆள் நடந்து நெருங்கினால் கூட்டை விட்டு எழுந்து போகும். திரும்பி வருவதற்குள் முட்டை குளிர்ந்துவிடும், இல்லாவிட்டால் காக்கை வந்துவிடும். டாஸ்மேனியாவில் இருப்பது இதே கழுகின் தனிக் கிளையினம், அழியும் நிலையில் உள்ளதாக அறிவிக்கப்பட்டது. அங்கே கூடு கட்டும் பருவத்தில் கூட்டைச் சுற்றி 500 மீட்டருக்குள்ளும், கூட்டிலிருந்து நேராகத் தெரிகிற இடமென்றால் ஒரு கிலோமீட்டருக்குள்ளும் மரம் வெட்டும் வேலைகளைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அந்தத் தூரத்தை நான் என் அளவுகோலாக வைத்திருக்கிறேன். அங்கிருந்து எட்டு மடங்கில் கூட்டில் ஒரு தலை அசைவது தெரியும், இரை கொண்டு வருவது தெரியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் முக்காலியும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் (ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி) வாங்குங்கள், கால்களை முன்னே நகர்த்தாதீர்கள். டிரோன் வேண்டவே வேண்டாம். தன் எல்லைக்குள் பறக்கும் டிரோனை வெட்ஜி பாய்ந்து தாக்கும். டிரோன் போனால் போகட்டும், அந்தச் சுழலும் பிளேடில் கழுகின் கால் படலாம்.

இந்தப் பறவை மனிதரைக் கண்டு ஏன் இவ்வளவு ஒதுங்குகிறது என்று யாராவது கேட்டால் பழைய கணக்கைச் சொல்வேன். ஆட்டுக்குட்டி தூக்குகிறது என்று சொல்லி அரசாங்கமே தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1920களின் கடைசியிலிருந்து 1968 வரை 1,47,000க்கு மேல், குவீன்ஸ்லாந்தில் 1951 முதல் 1966 வரை 1,62,000க்கு மேல் கொன்று கணக்கில் எழுதியிருக்கிறார்கள். செத்த கழுகுகளை இறக்கை விரித்து வேலிக்கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்ட படங்கள் இன்றும் இருக்கின்றன. பின்னால் ஆராய்ந்தபோது தெரிந்தது, அவை தின்ற குட்டிகளில் பெரும்பகுதி ஏற்கெனவே செத்தவை அல்லது பிழைக்க வழியில்லாதவை. வெட்ஜி உண்மையில் மேய்ச்சல்காரருக்குச் செய்தது முயல் வேட்டை. 1859இல் விக்டோரியாவில் கொண்டுவந்து விட்ட முயல் நாடு முழுக்கப் பரவி, இந்தக் கழுகின் முக்கிய உணவாகவே ஆகிவிட்டது. 1995இல், முயலைக் கட்டுப்படுத்த ஒரு தீவில் சோதித்துக்கொண்டிருந்த வைரஸ் அங்கிருந்து தப்பி வந்து முதலில் பரவிய இடங்களில் ஒன்று யுன்டா, நான் டீசல் போட நிறுத்தும் ஊர். முயல் கொத்துக்கொத்தாகச் செத்தது. அதற்கப்புறம் இந்தப் பக்கத்து வெட்ஜிகளுக்குச் சாலையோரக் கங்காருவின் முக்கியம் கூடியது. நாங்கள் அடித்துப் போடுவதைத்தான் அவை தின்கின்றன. அதனால்தான் வேகத்தைக் குறைக்கச் சொல்லி மேலே அவ்வளவு நீட்டினேன்.

விஷமும் துப்பாக்கியும் முடிந்த கதை என்று நினைக்க வேண்டாம். 2018இல் விக்டோரியாவின் கிழக்கு கிப்ஸ்லாந்தில் பண்ணை வேலை செய்த ஒருவர் 406 வெட்ஜிகளை விஷம் வைத்துக் கொன்றதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். கிடைத்த தண்டனை 14 நாள் சிறை, 2,500 டாலர் அபராதம். அதைப் படித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

சரி, பைனாகுலரின் குறைகளுக்கு வருகிறேன். வலது கண்ணுக்குத் தனியாகக் கூர்மையைச் சரிசெய்யும் டயாப்டர் வளையத்துக்குப் பூட்டு இல்லை. கேபினில் உருண்டு புரண்டால் நகர்ந்துவிடும், பார்க்கும்போது ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும், காரணம் உடனே பிடிபடாது. சரியான இடத்தில் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். முன்பக்க லென்ஸ் மூடிகள் தொளதொளப்பு, ஒன்று எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. குளிர்கால விடியலில் ஃபோகஸ் சக்கரம் இறுகிவிடுகிறது, வெயில் வந்ததும் சரியாகிவிடும். கூடவே தரும் கழுத்துப் பட்டை மெல்லியது, அரை மணி நேரத்தில் கழுத்தை அறுக்கும். 40 டாலருக்குத் தோளில் மாட்டும் ஹார்னஸ் வாங்கிக்கொண்டேன், எடையே தெரிவதில்லை.

சிவப்புத் தூசியை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நுண்ணிய மணல். சட்டை நுனியால் துடைத்தால் லென்ஸ் பூச்சு கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதுகுழலால் ஊத வேண்டும், பிறகு மென் தூரிகை, கடைசியில்தான் லென்ஸ் துணி. நைட்ரஜன் நிரப்பி அடைத்திருப்பதால் உள்ளே தூசியோ பனியோ புகவில்லை. கோடையில் டாஷ்போர்டில் வைக்காதீர்கள், ரப்பர் உறை பிசுபிசுக்கும். நான் சீட்டுக்குப் பின்னால் உள்ள படுக்கைக்கடியில் வைக்கிறேன்.

வெட்டவெளியில், வண்டியிலிருந்து, முக்காலி இல்லாமல் பார்க்கிறவர்களுக்கு 8×42. மலைக்குன்றில் உட்கார்ந்து குளிர்ந்த காலையில் பொறுமையாகப் பார்க்க நேரமுள்ளவர்களுக்கு அண்ணையின் 10×42. இரண்டிலும் இ.டி. கண்ணாடி இருக்கட்டும், அதில் மட்டும் காசைச் சேமிக்காதீர்கள். வாங்குவதற்கு முன் கடை வாசலுக்கு எடுத்து வந்து, வெளிச்சமான வானத்துக்கு எதிரே ஒரு காக்கையையோ மின்கம்பியையோ பாருங்கள். பார்வையின் நடுவில் வைத்துப் பார்க்கும்போதே அதன் ஓரத்தில் ஊதா தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.